பின்வாசல் வழியே ஷெர்பர்க்

குப்பையிலிருந்தே தொடங்கிவிடலாமா? முகம் சுளிக்காதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஷெர்பர்க். வக்கா வக்கா மக்களின் மண். ஊரில் ஏறத்தாழ 1,200 பேர், பெரும்பாலும் எல்லாருமே பூர்வகுடிகள். இந்தச் சின்னஞ்சிறு ஊரின் கவுன்சில் சொந்தமாக ஒரு மறுசுழற்சி ஆலை நடத்துகிறது. தன் ஊர்க் குப்பையோடு நிற்கவில்லை, அக்கம்பக்கத்து ஊர்களின் குப்பையும் இங்கேதான் வருகிறது! பெல்ட் ஓட ஓட, கையுறை போட்ட கைகள் பாட்டிலை ஒரு பக்கம், அட்டையை ஒரு பக்கம், தகர டப்பாவை ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுகின்றன. வேலை செய்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். வேலைவாய்ப்பே அரிதான வட்டாரத்தில் குப்பை சம்பளமாக மாறுவதைப் பார்த்து எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

அந்தக் கவுன்சில் எப்படிப்பட்டது? ஒரு மேயர், நான்கு கவுன்சிலர்கள். ஆள்வதற்கு 32 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வேலையோ, அப்பப்பா! குடிநீர், கழிவுநீர், தெரு, குப்பை வண்டி என்ற வழக்கமான பட்டியலோடு முடிவதில்லை. பெரிய நகரங்களில் தனியாரும் மாநில அரசும் பார்த்துக்கொள்கிற பல வேலைகள் இங்கே கவுன்சிலின் தலையில்தான் விழும். போதாக்குறைக்கு, புஜிட்சு நிறுவனத்தோடு கைகோத்து ஒரு டிஜிட்டல் சேவை மையமும் ஊருக்குள் வந்துவிட்டது!

காசுக்கு என்ன வழி? மற்ற ஊராட்சிகளைப் போல வீட்டு வரி, நில வரி போட்டுக் கஜானாவை நிரப்ப முடியாது. இங்குள்ள நிலம் தனித்தனிப் பட்டா நிலமல்ல. சமூகத்துக்காகக் கவுன்சில் அறங்காவலராக இருந்து காக்கும் பொது நிலம். 1980களில் கிடைத்த உரிமை அது. ஆகவே வரவில் பெரும்பங்கு அரசு மானியம். அதனால்தான் ஆலை, சேவை மையம் என்று சொந்தத் தொழில்களைத் தேடி ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வலி இருக்கிறது. அதையும் பார்க்கத்தான் பின்வாசல் வழியே வந்தோம்.

பரம்பா அவென்யூவுக்கு வாருங்கள். மரத்தாலான பழைய கட்டடம் ஒன்று. பெயர் ரேஷன் ஷெட். ஊருக்கே முன்பு பரம்பா என்றுதான் பெயர். 1897ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குயின்ஸ்லாந்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பூர்வகுடிகளைப் பிடித்துவந்து இங்கே அடைத்தார்கள். வெவ்வேறு மொழி பேசியவர்கள், வெவ்வேறு மண்ணைச் சேர்ந்தவர்கள். மாவும் சர்க்கரையும் தேயிலையும் இந்த ஷெட்டில் அளந்து கொடுக்கப்பட்டன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்தார்கள். வெளியூர் போகவும், வேலைக்குப் போகவும், கல்யாணம் செய்யவும் அனுமதி வேண்டும். சம்பாதித்த கூலியை அரசே வாங்கி வைத்துக்கொண்டது.

இப்போது அதே ஷெட் ஒரு மியூசியம்! இடிந்து போகாமல் காப்பாற்றி, இந்த இடத்துக்கு நகர்த்திவைத்து நடத்துகிறவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான். ஆன்ட்டிமார், அங்கிள்மார் என்றுதான் அவர்களை அழைக்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. சிறுவர் விடுதியும், அரசு அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் உட்கார்ந்து ஊரையே ஆட்டிவைத்த அலுவலகமும் அதே வளாகத்தில் நிற்கின்றன. யாரைக் கண்டு ஊர் நடுங்கியதோ, அவருடைய அறைக்குள் இன்று அந்த ஊர்ப் பெண்கள் விருந்தாளிகளை அழைத்துப் போய்க் கதை சொல்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே அங்கே போகலாம்!

கிரிக்கெட் ரசிகர்களே, கொஞ்சம் நெருங்கி வாருங்கள். எடி கில்பர்ட் இந்த ஊர்க்காரர். நாலைந்து எட்டு மட்டுமே ஓடிவந்து மின்னல் வேகத்தில் பந்து வீசியவர். 1931 நவம்பரில், காபா மைதானத்தில், குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆட்டம். எதிரே டான் பிராட்மேன்! ஒரு பந்து பிராட்மேனின் கையிலிருந்த மட்டையையே தட்டிப் பறித்தது. அடுத்து விக்கெட் கீப்பர் கையில் கேட்ச். பிராட்மேன் பூஜ்யம்! இத்தனை திறமை இருந்தும் வெளியூர் ஆட்டத்துக்குப் போக கில்பர்ட் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1936இல் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது, அவருக்கு வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சீருடையைச் சலவை செய்து திருப்பித் தரும்படி கிரிக்கெட் சங்கம் கடிதம் எழுதியது. சலவைச் செலவைச் சங்கமே ஏற்குமாம்! ஒரு மனிதனைப் பற்றி அன்றைய அமைப்பு என்ன நினைத்தது என்பதற்கு இந்த ஒரு கடிதம் போதும்.

சரி, அரசு வாங்கி வைத்துக்கொண்ட அந்தக் கூலிப் பணம் என்ன ஆனது? இதே ஷெர்பர்க்கிலிருந்து வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட லெஸ்லி வில்லியம்ஸ், என் சம்பளம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். அவரைப் போலப் பலர் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2019இல் குயின்ஸ்லாந்து அரசு 190 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான பணம் அது. பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

சூப்பரின்டென்டென்ட் ஆட்சி ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பூர்வகுடிக் கவுன்சில்களுக்கு உண்மையான அதிகாரம் வந்தது. 2005இல் ஷெர்பர்க் ஷயர் கவுன்சில் என்ற முழுமையான உள்ளாட்சி அமைப்பாக உயர்ந்தது. ஆலையின் பெல்ட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்து நான் இவ்வளவு துள்ளுவதற்குக் காரணம் இதுதான்: இன்று அங்கே ஒவ்வொரு முடிவையும் எடுப்பது, ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்.

பிரிஸ்பேன் பக்கம் போகிற வாய்ப்பு வந்தால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு நாளை ஒதுக்குங்கள், ரேஷன் ஷெட் மியூசியத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே ஓர் ஆன்ட்டி பேசத் தொடங்கினால் நடுவில் எழுந்துவிடாமல் முழுதும் கேட்டுவிட்டு வாருங்கள்.