நோன்புக் கஞ்சியும் நம் கடைச் சரக்கும்



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எப்போது சரக்கு எடுக்க வேண்டும் என்பது நம் கடைப் பையன்களுக்கே தெரியும். ரம்ஜான் நோன்பு அப்படியல்ல. பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான். அதனால் ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுதோறும் 10 முதல் 12 நாள் முன்னதாக வந்துவிடும். நம் மாநிலத்தில் 2023இல் மார்ச் 24, 2024இல் மார்ச் 12, 2025இல் மார்ச் 2 என்று நோன்பு தொடங்கியது. போன ஆண்டு பில் புத்தகத்தைப் பார்த்து அதே தேதிக்குச் சரக்கு இறக்குகிறவர் கடையில் மூட்டை வந்து சேரும்போது, நோன்பில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும்.

இந்த ஒரு மாத வியாபாரம் நமக்குச் சிறிதல்ல. ஆனால் இதில் நிற்பவர் விலையை ஏற்றுகிறவர் அல்லர், முன்கூட்டித் தரமான சரக்கு எடுத்து வைப்பவரே என்பது என் அனுபவம். இதற்கு நோன்பாளிகள் என்ன உண்கிறார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

கஞ்சிக்கு என்ன போகும்?

விடியற்காலைக்கு முன் உண்பது சஹர். மாலையில் சூரியன் மறைந்ததும் நோன்பு திறப்பது இஃப்தார். இடையில் ஏறத்தாழ 13 மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. பேரீச்சம்பழமோ தண்ணீரோ கொண்டு நோன்பு திறப்பது நபிவழி. அதற்கடுத்து தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. காய்ந்த வயிற்றுக்கு இதமாக இறங்கும் ஆகாரம்.

பச்சரிசி அல்லது பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, வெங்காயம், தக்காளி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், புதினா, மல்லி, தேங்காய்ப்பால். வசதிப்பட்ட நாளில் கொத்துக்கறியும் சேரும். 10 கிலோ அரிசிக்கு 2 முதல் 2½ கிலோ பாசிப்பருப்பும், 150 முதல் 200 கிராம் வெந்தயமும் போடுவார்கள். ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும். நன்றாகத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் 80, 90 லிட்டர் கஞ்சி தேறும். ஆளுக்கு 300 மில்லி என்றால் ஏறக்குறைய 270 முதல் 300 பேருக்குக் காணும். ஒரு பள்ளிவாசல் நாளொன்றுக்கு எத்தனை கிலோ போடுகிறது என்று கேட்டுக்கொண்டால், முப்பது நாளைக்கு வேண்டிய பருப்பும் வெந்தயமும் நமக்கே கணக்கில் வந்துவிடும்.

தமிழக அரசு 2001 முதல் நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஊரடங்கு என்பதால் அரிசியை வீடுகளுக்கே கொண்டு கொடுத்தார்கள். அரிசி வியாபாரம் போயிற்றே என்று அங்கலாய்த்த நண்பர்கள் உண்டு. அரிசி வந்தால்தான் அண்டா அடுப்பில் ஏறும். பருப்பு, வெந்தயம், பூண்டு, பட்டை, கிராம்பு எல்லாம் நம்மிடமிருந்துதானே போக வேண்டும்?

இன்னொன்று, பல ஊர்களில் ஒவ்வொரு நாள் கஞ்சிச் செலவையும் ஒவ்வொரு குடும்பத்தார் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே மாதம் முழுவதற்கும் ஒரே பில் போடாதீர்கள். பிறை வாரியாக, ஏற்றுக்கொண்டவர் பெயரில் தனித்தனிச் சீட்டு எழுதினால் ஜமாஅத்தாருக்கும் கணக்கு எளிது, நமக்கும் பாக்கி நிற்காது.

சஹருக்கும் மற்றவைக்கும்

சஹர் நேரத்தில் சோறு, குழம்பு, தயிர், வாழைப்பழம், பால் என்று வயிற்றில் நிற்கும் ஆகாரம் உண்பார்கள். உருது பேசும் குடும்பங்களில் ரொட்டியும் உண்டு; அங்கே கோதுமை மாவு கூடுதலாகப் போகும். கஞ்சிக்குத் துணையாக வடை, பஜ்ஜி, சமோசா. அதற்குக் கடலைப்பருப்பு, கடலை மாவு, மைதா, எண்ணெய். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் கடற்பாசி காய்ச்சிப் பால், சர்க்கரை சேர்த்து உறைய வைத்து உண்பார்கள். மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் இந்தச் சரக்கு தயாராகிறது என்பதை வணிகர்கள் அறிவது நல்லது. வெயில் காலத்து நோன்பென்றால் நன்னாரி சர்பத், ரோஜா சர்பத், சப்ஜா விதை, பாதாம் பிசின் நன்றாக ஓடும். நோன்பு குளிர்காலத்துக்கு நகர நகர இவற்றின் கிராக்கி குறையும். அப்போது அளவாக எடுங்கள்.

இருபதாம் நோன்பு கழிந்தால் வியாபாரம் திரும்பிவிடும். சேமியா, முந்திரி, திராட்சை, நெய், சீரகச் சம்பா அரிசி எனப் பெருநாள் சரக்கு கேட்பார்கள். மாதம் 29 நாளா 30 நாளா என்பது பிறை பார்த்த பிறகே தெரியும். ஆகவே பெருநாள் சரக்கு 28ஆம் நோன்புக்குள் கடையில் நிறைந்திருக்க வேண்டும்.

பேரீச்சம்பழத்தில் கவனம்

நம் நாட்டுத் தேவையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. காய்ந்த பேரீச்சங்காய் பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் அந்நாட்டுச் சரக்குக்கு 200 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டது. 2025 மே மாதம் இறக்குமதியே தடை செய்யப்பட்டது. எங்கோ நடக்கும் காரியம் நம் தராசில் வந்து நிற்கிறது. ஒரே நாட்டுச் சரக்கை நம்பியிராமல் பல இடத்துப் பழங்களையும் பழகிக்கொள்ள வேண்டும். பெட்டியில் பேக்கிங் தேதியும் கெடுதேதியும் பாருங்கள். திறந்த பழத்தை ஈ மொய்க்க வைக்காதீர்கள். பகல் முழுதும் பட்டினி கிடந்தவர் முதலில் வாயில் வைப்பது அந்தப் பழத்தைத்தான்.

நொய்யும் அப்படியே. ஓர் ஆண்டு ஓர் ஆலையிலிருந்து வந்த நொய்யை அவிழ்த்துப் பார்த்தேன்; கல்லும் தவிடும் கலந்திருந்தன. லாரியை நிறுத்தி, ஏற்றி வந்த மூட்டை அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். கூலி எனக்கு நஷ்டம். ஆனால் அண்டாவில் ஒரு பிடி கல் விழுந்தால் முந்நூறு பேர் பல்லில் படும். கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பாளிகளுக்குப் பல்லாண்டுகளாக இஃப்தார் உணவு கொண்டுவந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி அன்பர்கள். ஊரே கூடிச் செய்யும் காரியத்தில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றிப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

வரப்போகும் நெருக்கடி

முடிவாக ஒரு முக்கியச் செய்தி. 1997, 1998, 1999 மூன்று ஆண்டுகளிலும் பொங்கல் நோன்பு மாதத்துக்குள்ளேயே வந்தது மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். பிறைச் சுற்று ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை அதே பருவத்துக்குத் திரும்பும். கணக்குப்படி 2030 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நோன்பு, அதே ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் மற்றொரு நோன்பு தொடங்கும். 2030, 2031 இரண்டு பொங்கலும் நோன்புக்கு நடுவே வரும்.

பொங்கல் பானைக்கும் கஞ்சி அண்டாவுக்கும் வேண்டியது ஒரே சரக்கு: பச்சரிசி, பாசிப்பருப்பு, ஏலக்காய், தேங்காய். இரண்டு கிராக்கியும் ஒரே வாரத்தில் மோதும். அப்போது மண்டியில் போய் நின்று விலை கேட்பவர் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். பருப்புக்கு டிசம்பரிலேயே ஏற்பாடு செய்பவர் பழைய விலைக்கே கொடுத்து, இரு தரப்பு வாடிக்கையையும் காப்பாற்றலாம். 2030 கடைசியில் தொடங்கும் நோன்புக்கு நவம்பரிலேயே கொள்முதலை முடிப்பது நலம்.

ஒவ்வோர் ஆண்டும் தினசரிக் காலண்டர் வாங்கியதும் ரம்ஜான் பிறை 1 எந்தத் தேதி என்று பாருங்கள். அதற்கு நாற்பது நாள் முன்னே சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுங்கள். அன்று கொள்முதலைத் தொடங்குங்கள்.