அப்புத்தளை இறக்கத்தில் ஒரு சொகுசுக் கார்

அப்புத்தளையிலிருந்து இறங்கிய பஸ் பதுளையில் வந்து நிற்கும்போது, சக்கரங்களின் பக்கம் கருகல் வாடை அடிக்கும். பிரேக் சூடேறிய வாடை அது. அப்புத்தளை ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,431 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளையோ 680 மீட்டரை ஒட்டி. டீசல் எரித்து ஏறிய 750 மீட்டர் உயரம், இறங்கும்போது வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது.

மின்சாரக் கார் அதில் ஒரு பங்கை மீட்டுக்கொள்ளும். இறக்கத்தில் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, அது சைக்கிள் டைனமோ போல மின்சாரம் தந்து பெட்டரியை நிரப்புகிறது. அந்தச் சுழற்சிக்கான எதிர்ப்பே வண்டியின் வேகத்தையும் தணிக்கிறது.

எவ்வளவு மீளும்? ஹென்ரிக் ஃபிஸ்கரின் ‘கர்மா’ காரை வைத்துக் கணக்குப் போடலாம். டென்மார்க்கில் 1963இல் பிறந்த ஃபிஸ்கர், பி.எம்.டபிள்யூ. இசட்8, ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ் போன்ற கார்களின் வடிவமைப்பால் பெயர் பெற்றவர். 2007இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 2011இல் சாலைக்கு வந்த கர்மாவின் விலை ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலர். மின்சாரம் தீர்ந்தால் கைகொடுக்க ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் உள்ளே உண்டு.

அதன் எடை சுமார் 2,400 கிலோ. அவ்வளவு எடை 750 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 5 யூனிட் சக்தி வெளிப்படும். கர்மாவின் 20 யூனிட் பெட்டரியில் அது கால் பங்கு. ஆனால் டயர் உராய்வும் காற்றும் மோட்டார் இழப்பும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: அப்புத்தளையிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் புறப்பட்டால், வரும் மின்சாரத்துக்குப் பெட்டரியில் இடமிருக்காது. அப்போது சாதாரண பிரேக்கைத்தான் மிதிக்கவேண்டும்.

வடிவத்தை ஃபிஸ்கர் தானே வரைந்தார். பெட்டரியை வெளியில் வாங்கினார். அடி அங்கேதான் விழுந்தது. 2012 மார்ச்சில் குறைபாடுள்ள பெட்டரிகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அக்டோபரில் அவற்றைச் செய்த ஏ123 நிறுவனமே திவாலானது. அதே மாதம் சாண்டி புயலின் வெள்ளத்தில், அமெரிக்கத் துறைமுகமொன்றில் நின்ற 300க்கும் மேற்பட்ட கர்மாக்கள் நாசமாயின. 2013 நவம்பரில் ஃபிஸ்கரின் நிறுவனமும் திவால் மனு கொடுத்தது. 2016இல் அவர் தொடங்கிய இரண்டாவது நிறுவனத்துக்கும் 2024 ஜூனில் அதே கதிதான்.

காரின் வெளித்தோற்றத்தை ஒரு நல்ல கை வரைந்துவிடலாம். அதை ஓட்டும் சக்தி எங்கே சேர்கிறது, யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் கார் கம்பெனியின் ஆயுள் இருக்கிறது.