பெண்ணுக்குப் பௌதிகம் எதற்கு?

பத்தாவது பரீட்சை முடிவு வந்த மறுநாள், எதிர்வீட்டு மாமி வந்தாள். அவள் பெண் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய சமாசாரந்தானே? மாமியின் முகத்திலோ ஒரே கவலை.

“பௌதிகம்தான் எடுப்பேன்னு ஒற்றைக் காலில் நிற்கிறாள்! இவள் என்ன, சர் சி. வி. ராமனா? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போனால், ரசம் கொதிக்கிறதுக்குப் பௌதிகம் வேணுமா?” என்றாள்.

ரசம் கொதிப்பதே பௌதிகந்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே, நேயர்களே, உங்களிடம் சொல்லுகிறேன். இப்போது பள்ளிக்கூடத்தில் அதற்கு இயற்பியல் என்று பெயர். பெயர் எதுவானால் என்ன? சங்கதி ஒன்றுதான்.

கடலோரச் சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலோ ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். அங்கே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகுமா? அடம் பிடிக்கும்! பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தைக் கூட்டி, தண்ணீரைச் சுமார் 120 டிகிரி வரை சூடேற்றுகிறது. விசில் வந்த பிறகு தீயைப் பெரிதாக வைத்தால் ஆவியும் காஸும்தான் வீண். சூடு மேலும் ஏறாது. இந்தச் சூட்சுமம் தெரிந்த பெண், ஆவி அடங்குமுன் மூடியை நெம்பவும் மாட்டாள்.

அடுத்தபடியாக, மின்சாரக் கட்டணம். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இவ்வளவுதான் கணக்கு! 2,000 வாட் வெந்நீர் ஹீட்டர் அரை மணியில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். அதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரியும். பல்பை அணைக்க மறந்த பையனைக் கோபித்துவிட்டு, ஹீட்டரை மறந்துவிடுகிறோமே, நியாயமா?

கிரைண்டரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று கால்களில் ஒன்று மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருக்கும். அதுதான் எர்த். செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் அந்த நீளம். உள்ளே கம்பி பழுதாகி உலோக உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், அதைப் பூமிக்குக் கடத்திவிடுவது அந்தக் கால்தான். செருகுவதற்கு வசதியில்லை என்று அதை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டியது பித்தளைத் துண்டையல்ல, உயிருக்கு இருந்த காவலை!

பௌதிகம் படித்த பெண்கள் எல்லோரும் விஞ்ஞானியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆகவும் முடியும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டார் கொடுத்த வைரத்தோட்டை வேண்டாமென்று சொல்லி, கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் ராமனிடமே ஆராய்ச்சி செய்தார். வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிகாட்டியவர் அவர்.

அது போகட்டும். மாமி வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு விடியற்காலை. மாமி சமையலறைக் கதவைத் திறந்ததும் குப்பென்று காஸ் வாடை. நாற்றம் வெளியே போகட்டும் என்று மின்விசிறி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாளாம். “அம்மா, சுவிட்சைத் தொடாதே!” என்று பின்னாலிருந்து ஒரு கூச்சல். பெண் ஓடிவந்து ரெகுலேட்டரை மூடினாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். தாயாரை வாசலுக்கு இழுத்து வந்து, அங்கிருந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்தாள்.

அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அடர்த்திப் பாடந்தான். சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே தரையோடு தவழ்ந்து தேங்கும். சுவிட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு சிறு பொறி பறக்கும். இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சுவிட்சைப் போடுவதும் ஆபத்து, அணைப்பதும் ஆபத்து.

பரீட்சைக்கு எழுதியதெல்லாம் பிற்பாடு மறந்து போகலாம். ‘ஏன்?’ என்று கேட்டுக் கையை ஒரு கணம் நிறுத்தும் பழக்கம் மட்டும் மறக்காது. பௌதிகம் தரும் சீதனம் அதுதான்.

அன்று சாயங்காலம் மாமி மறுபடியும் வந்தாள். ரசத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

“பௌதிகத்துக்கு நல்ல டியூஷன் எங்கே இருக்கு, சொல்லுங்கோ” என்றாள்.