நெடுஞ்சாலைக்குக் கைக்கணினி உதவுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒரு பொருள் மலிவாகக் கிடைப்பது வேறு. அது நமக்கு மலிவாக முடிவது வேறு. நம் கரிசல் காட்டு உழவர் ஒரு மண்வெட்டி வாங்கப் போனால், இரும்பைத் தட்டிப் பார்ப்பார். காம்பின் பிடியைச் சோதிப்பார். தம் நிலத்து மண்ணுக்கு அது தாங்குமா என்று எண்ணிப் பார்ப்பார். விலையைக் கடைசியில்தான் கேட்பார். ஆனால் மின்னணுக் கருவி வாங்கப் போகும்போது படித்தவர்களாகிய நாமோ விலைச் சீட்டைத்தான் முதலில் பார்க்கிறோம். மண்வெட்டிக்குச் செய்யும் சோதனையைக் கைக்கணினிக்கும் செய்தால் என்ன? அந்த முயற்சியே இக்கட்டுரை.

கைக்கணினி என்பது கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இடைப்பட்ட கருவி. பேச்சு வழக்கில் இதை ‘டேப்’ என்கிறோம். 8 அங்குலம் முதல் 11 அங்குலம் வரை திரை உடையது, விசைப்பலகை கிடையாது. இன்று 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் பல வகைகள் கிடைக்கின்றன. வீட்டில் மேசைமேல் வைத்துப் பார்ப்பவருக்கு இவற்றுள் பெரும்பாலானவை போதும். ஆனால் சாலையிலேயே வாழ்பவருக்கு?

சாலை வாழ்வு நமக்குப் புதிதன்று. விளாத்திகுளம் வட்டாரத்தில் சீமைக் கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு எடுக்கும் கரி லாரியில்தான் வெளியூர் போகிறது. மிளகாய் வற்றலும் அப்படியே. எட்டயபுரம் சென்று மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையில் ஏறும் லாரிகள் ஒருபுறம். குளத்தூர், வைப்பாறு, வேம்பார் என்று கடற்கரைச் சாலையில் ஓடும் லாரிகள் மறுபுறம். அவற்றுள் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தையார். சென்ற கோடை விடுமுறையில் அவர் என்னிடம், “எய்யா, எல்லாரும் டேப்பு வாங்குதாங்க. பன்னெண்டாயிரம் சொல்லுதான். வண்டியில வச்சுக்கிட்டா ஆகுமா ஆகாதா? படிச்சவன் நீ பார்த்துச் சொல்லு” என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் பன்னிரண்டாயிரமோ என் தங்கையின் படிப்புக்கென்று எடுத்து வைத்திருந்த தொகை. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட இயலவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கணக்கையே இங்கே முறையாக எழுதுகிறேன்.

ஆகாஷ் கற்பித்த பாடம்

மலிவு விலைக் கைக்கணினி பற்றிப் பேசும்போது ஆகாஷை மறக்க முடியாது. 2011 அக்டோபர் 5 அன்று அன்றைய மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் புதுதில்லியில் இதை வெளியிட்டார். ராஜஸ்தான் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மேற்பார்வையில் டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் தயாரித்தது. அரசு வாங்கிய விலை ஒன்றுக்குச் சுமார் 2,276 ரூபாய். ஏழை மாணவர் கையிலும் கணினி என்பது உயர்ந்த நோக்கம், அதில் ஐயமில்லை.

ஆனால் அதன் உள்ளே இருந்தவை யாவை? 366 மெகாஹெர்ட்ஸ் செயலி. 256 மெகாபைட் நினைவகம். 2,100 மில்லி ஆம்பியர் மணி மின்கலம். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 7.8 வாட் மணி ஆற்றல்தான். மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். திரையோ அழுத்தத்தால் இயங்கும் வகை. அதாவது இரு மெல்லிய கடத்தும் படலங்கள் விரல் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொட்டால்தான் வேலை செய்யும். இன்றைய திரைகளோ விரல் பட்டதும் ஏற்படும் மின்தேக்குத் திறன் மாற்றத்தை உணர்பவை. மெல்லத் தொட்டாலே போதும். 2012 நவம்பரில் வெளிவந்த ஆகாஷ்–2இல் திரையும் செயலியும் மாற்றப்பட்டன. முதல் ஆகாஷில் சிம் அட்டைக்கு இடமில்லை. வைஃபை இருந்தால்தான் இணையம்.

இன்றைய மலிவுக் கைக்கணினிகள் ஆகாஷைவிடப் பல மடங்கு மேம்பட்டவை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. மின்கலம் எவ்வளவு? திரை எத்தகையது? இணையம் எங்கிருந்து வரும்? சாலைக்குப் போகும் கருவியிடம் இம்மூன்றையும் இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டும்.

வெயிலில் திரை தெரியுமா?

திரையின் ஒளிர்வை ‘நிட்’ என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்பது ஒரு நிட். மலிவுக் கைக்கணினிகள் பெரும்பாலும் 400 நிட் அளவில் ஒளிர்பவை. அறைக்குள் அது தாராளம். வெளியே?

நாம் வகுப்பில் படித்த எதிரொளிப்புச் சூத்திரத்தை நினைவுகூர்க. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 எனில், நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு அதன் பரப்பிலிருந்து திரும்பி வரும். பகல் வானத்தின் ஒரு பகுதி 5,000 நிட் ஒளிர்வு உடையதென்று வைத்துக் கொள்வோம். அதில் 4 விழுக்காடு 200 நிட். விலை குறைந்த பல திரைகளில் மேல் கண்ணாடிக்கும் படம் தோன்றும் பலகைக்கும் நடுவே காற்று இடைவெளி உண்டு. அதனால் எதிரொளிக்கும் பரப்பு மூன்றாகி, திரும்பும் ஒளி 600 நிட் அளவுக்குப் போகும். திரை தருவதோ 400 நிட். படத்தைவிட வானத்தின் நிழலே மிகுதியாகத் தெரிந்தால் எழுத்தை எப்படிப் படிப்பது?

ஆகவே, கடையின் உள்ளே பார்த்து வாங்குவது பயனற்றது. வாசலுக்குக் கொண்டு வந்து, வானத்தைப் பார்க்கத் திருப்பி, ஒரு பக்கம் படித்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு

7,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் என்றால், 3.85 வோல்ட்டால் பெருக்க, சுமார் 27 வாட் மணி. பத்து அங்குலத் திரையை முழு ஒளியில் வைத்தால் கருவி 4 அல்லது 5 வாட் உறிஞ்சும். ஆறு மணி நேரம் வரும். ஒரு பகலுக்குக்கூட முழுமையாகப் போதாது. எனவே வண்டியிலேயே மின்னேற்றம் செய்தாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரில் இருப்பது 12 வோல்ட். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். காருக்கென்று 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சார்ஜரை லாரியில் செருகினால் அது கருகும். சில வேளை கருவியையும் கெடுக்கும். சார்ஜரின் மேல் ‘12–24 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வெப்பமும் ஒரு பகைவன். லித்தியம் அயனி மின்கலத்தைப் பொதுவாக 45 டிகிரி செல்சியசுக்கு மேல் மின்னேற்றம் செய்யலாகாது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அந்த அளவை எளிதில் தாண்டும். அங்கே கருவியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் மின்கலத்தின் ஆயுளில் ஒரு பகுதியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று பொருள்.

இணையமும் வழி காட்டலும்

விலை குறைந்த வகைகளில் ஒரே பெயரில் இரண்டு உருவங்கள் விற்கப்படும். ஒன்று வைஃபை மட்டும் உள்ளது. மற்றொன்று சிம் போடக்கூடியது. முன்னது மலிவு. ஆனால் சாலையில் அதற்கு இணையம் வேண்டுமானால் கைபேசியில் ஹாட்ஸ்பாட் திறக்க வேண்டும். அப்போது இரண்டு கருவிகளின் மின்கலமும் சேர்ந்து இறங்கும்.

வழி காட்டும் ஜி.பி.எஸ். வேலைக்கு இணையம் தேவையில்லை என்பதைப் பலர் அறியார். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் குறிப்பலைகள் கிடைத்தால், இருக்கும் இடத்தைக் கருவியே கணக்கிட்டுக் கொள்ளும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்தால் போதும். ஆனால் வைஃபை மட்டும் உள்ள மலிவு வகைகள் சிலவற்றில் ஜி.பி.எஸ். ஏற்பியே கிடையாது. அட்டைப் பெட்டியின் மேல் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்படியே இருந்தாலும் ஓட்டும்போது கையில் பிடிக்கலாகாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி ஓட்டும்போது கைக்கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்கலாம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த விதிகள் இடம் தருகின்றன. பத்து அங்குலப் பலகையை முன் கண்ணாடியில் மாட்டினால் சாலையின் ஒரு பகுதியையே அது மறைத்துவிடும். கைபேசிக்கு அந்தக் குறை இல்லை.

காகிதங்கள்

ஓட்டுநர் ஒருவருக்குக் கருவி எதற்கு? வழி பார்க்க, வீட்டாருடன் முகம் பார்த்துப் பேச, இவற்றோடு காகிதங்களுக்கு. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ–வே பில் கட்டாயமாயிற்று. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் காலம் கணக்கிடப்படுகிறது. 600 கிலோமீட்டர் தூரமானால் மூன்று நாள். வழியில் வண்டி பழுதாகி நாள் கடந்தால் தொல்லை. எனவே அந்தத் தேதியை ஓட்டுநர் தாமே படித்தறிவது முக்கியம். உரிமம், பதிவுச் சான்று முதலியவற்றை டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும் என்று 2018இல் விதி திருத்தப்பட்டது.

இவை எல்லாம் கைபேசியிலேயே நடக்கும். கடவு எண் வருவதும் கைபேசிக்கே. அப்படியிருக்க என் தந்தையார் ஏன் டேப் கேட்டார்? நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே காரணம் வெளிவந்தது. “போன்ல எழுத்து பொடிசா இருக்குய்யா. கிளீனர் பையன்கிட்ட குடுத்துத்தான் படிக்கச் சொல்லுதேன்” என்றார்.

வெள்ளெழுத்து

அவருக்கு வயது 50ஐத் தாண்டிவிட்டது. நாற்பதுக்கு மேல் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து, அருகில் உள்ளதைக் குவியப்படுத்த முடியாமல் போவதே வெள்ளெழுத்து. கண்ணாடி அணியாதவர் பொருளைத் தள்ளிப் பிடிப்பார். 30 சென்டிமீட்டரில் 2 மில்லிமீட்டர் எழுத்து கண்ணில் உண்டாக்கும் கோணத்தை 60 சென்டிமீட்டரில் உண்டாக்க 4 மில்லிமீட்டர் எழுத்து வேண்டும். 6.5 அங்குலக் கைபேசியின் திரை அகலம் சுமார் 7 சென்டிமீட்டர். 10 அங்குலக் கைக்கணினிக்கு ஏறக்குறைய 13.5 சென்டிமீட்டர். அதே பக்கம் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரியும். ஆக, அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் அதே வேலையை ஒரு படிக்கும் கண்ணாடி சில நூறு ரூபாயில் செய்துவிடும்! தேவை பெரிய திரை அன்று, தெளிவான எழுத்து. இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கண்ணாடி போட்டா வயசாயிட்டுன்னு முதலாளி வண்டியக் குடுப்பாரா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இயற்பியலில் சூத்திரம் இல்லை. ஆயினும் ஓட்டுநர் உரிமத்துக்குக் கண்ணாடி தடையல்ல என்பதையும், படிக்கும்போது மட்டும் மாட்டிக் கொண்டால் போதும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். தூத்துக்குடிக்கு உடன் சென்று கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கினோம். இப்போது ஈ–வே பில்லின் தேதியை அவரே படிக்கிறார். பன்னிரண்டாயிரம் தங்கையின் பெயரில் இருக்கிறது.

யாருக்கு உதவும்?

அப்படியானால் கைக்கணினி வேண்டாத பொருளா? இல்லை. நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் மாணவரை எண்ணிப் பாருங்கள். பேருந்தினுள் நிழல் உண்டு. இரவில் வீட்டில் மின்னேற்றலாம். படிக்க வேண்டியதோ பாடநூல் பக்கங்கள். அவருக்குக் கைக்கணினி நன்றாகப் பொருந்தும். ஊர் ஊராகச் சென்று கணக்கு எழுதும் வியாபாரிக்கு, சிம் போடக்கூடிய 8 அங்குல வகை பொருந்தும். ஆய்வுக் கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டியவருக்கு விசைப்பலகை உள்ள மடிக்கணினியே ஏற்றது. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவித்தது நினைவிருக்கலாம். அரசுக்கும்கூட இது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகவே இருந்தது.

சுருங்கச் சொன்னால், வாங்குமுன் ஐந்து கேள்விகள்: எந்த வேலைக்கு? வெயிலில் தெரிகிறதா? வண்டியில் மின்னேறுமா? சிம்மும் ஜி.பி.எஸ்.சும் உண்டா? இதே வேலையை இதைவிட எளிய பொருள் செய்யுமா? இந்த ஐந்துக்கும் விடை கண்ட பிறகே விலை.

தோழர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் வீட்டார் ‘படிச்சவன் சொல்லு’ என்று கேட்கும் கேள்விகள் இனிப் பெருகும். கேட்பவரின் தேவை என்ன என்று முதலில் கேட்டறிந்து, பிறகு கணக்கைப் போட்டு விடை சொல்வோம். வகுப்பறையில் கற்ற சூத்திரம் வீட்டுப் பணத்தைக் காக்குமானால் அதனினும் சிறந்த செய்முறைத் தேர்வு வேறென்ன இருக்கிறது?