தொண்ணூற்றிரண்டில்தான் பாதி வழி!

மந்திரவாதிகளும் வேதாளங்களும் நடமாடும் மாய உலகம் அது. இணையத்தின் வழியே பல நாட்டு ஆட்டக்காரர்கள் அங்கே ஒன்றாக உலாவுகிறார்கள். இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரத்து ஜாகெக்ஸ் கம்பெனி 2013-இல் திறந்துவைத்த 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' விளையாட்டைத்தான் சொல்கிறோம். புதிதாக நுழைகிறவர்களுக்கு எழும் மூன்று சந்தேகங்களுக்கு இதோ பதில்!

"நான் தட்டியவுடன் வாள் ஏன் பாய்வதில்லை?"

அந்த உலகத்துக் கடிகாரம் 0.6 விநாடிக்கு ஒரு தடவைதான் துடிக்கும். நடையானாலும் அடியானாலும் அந்தத் துடிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள்!

"மரம் வெட்டுவதில் 92-ஆம் படிக்கு வந்துவிட்டேன். 99 எட்டிவிடும் தூரந்தானே?"

அவசரப்படாதீர்கள்! 92-க்கு வேண்டிய அனுபவப் புள்ளிகள் 65,17,253. 99-க்கோ 1,30,34,431. இப்போதுதான் பாதி வழி வந்திருக்கிறீர்கள். உயரப் போகப் போக, ஏழு படிக்கு ஒரு முறை தேவை ஏறக்குறைய இரட்டிக்கும்.

"முன்பின் தெரியாத ஒருவர், 'வனாந்தரத்துக்கு வா, பொக்கிஷம் காட்டுகிறேன்' என்கிறார். போகலாமா?"

வேண்டவே வேண்டாம்! அங்கே ஆட்டக்காரரை ஆட்டக்காரரே கொல்லலாம். மாண்டால், விலை உயர்ந்த மூன்று பொருள்கள்தாம் உங்களிடம் தங்கும். முதலில் கை ஓங்கியவர் நீங்களானால், தலைக்குமேல் மண்டை ஓடு தோன்றும். அந்த மூன்றும் போய்விடும். பிரார்த்தனைப் பலத்தால் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே.

வாள் கற்பனை, வேதாளம் கற்பனை. ஆனால் மரம் வெட்டிச் செல்வம் சேர்த்த மாதங்கள் நிஜம் அல்லவா? போயே தீருவதென்றால், பறிகொடுத்தாலும் தூக்கம் கெடாத பொருள்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மற்றவை பாங்கியிலேயே பத்திரமாக இருக்கட்டும்!