ஓட்டுத் துண்டிற் பிறந்த சிங்கம்

யப்பானியக் காவற் சிங்கம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது, ஷிந்தோ ஆலய வாயிலின் இருமருங்கும் கல்லில் அமர்ந்திருக்கும் 'கொமாயினு' என்ற இணையே. அது தெய்வத்தின் வாயிலைக் காப்பது. நான் இங்கு எழுதப் புகுந்தது அதன் ஏழை உறவினனைப் பற்றி. யப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவுகளில், எளிய குடும்பத்தவரின் கூரைமீது குந்தியிருந்து தெருவை நோக்கி விழிக்கும் 'ஷீசா' அது. போத்தலைச் சீசா என்று வழங்கும் நம்மவர்க்கு இப்பெயர் சிறிது நகைப்பூட்டலாம். சிங்கம் என்பதற்கு அத்தீவினர் வழங்கும் சொல்லே இது.

அத்தீவுகளிற் சிங்கம் வாழ்ந்ததில்லை. சீனத்து வழியாக வந்த உருவத்தை, மெய்யான சிங்கத்தைக் கண்டறியாத கைவினைஞர் தம் கற்பனையால் நிறைவு செய்தனர். ஆதலின், அதன் முகத்திற் சிங்கமும் நாயும், சிலவேளை அயல்வீட்டுக் கிழவரும் கலந்து தோன்றுவது வியப்பன்று.

ஒக்கினாவா முன்னாளில் ரியூக்கியூ என்னும் தனியரசு. 1879 ஆம் ஆண்டிலேதான் யப்பான் அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அவ்வரசிற் சிங்கம் முதலில் மன்னரைச் சார்ந்தே நின்றது. 1501 இல் ஷுரி நகரில் எழுந்த அரச கல்லறையின்மீது கற்சிங்கங்கள் காவல் இருக்கின்றன. பின்னர் அக்காவல் ஊருக்கு இறங்கிற்று. தொமோரி என்னும் சிற்றூரில் அடிக்கடி தீப்பற்றி வீடுகள் அழிந்தன. ஊரார் மனைநூல் வல்லார் ஒருவரை நாடினர். எதிரே நிற்கும் யாயெசே மலையே தீக்குக் காரணம் என்றும், அதனை நோக்கிச் சிங்கம் ஒன்றை நிறுத்தவேண்டும் என்றும் அவர் கூறினார். 1689 இல் அவ்வாறே செய்தனர். தீயும் அடங்கிற்று என்பது பழைய வரலாறு.

மூன்றாவது இறக்கமே என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஓட்டுக்கூரை வேயும் உரிமை குடிமக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1889 இல் அத்தடை நீங்கவே, செவ்வோட்டுக் கூரைகள் எங்கும் பரவின. சூறாவளிக்கு அஞ்சி, ஓடுகளைச் சுண்ணாம்பும் வைக்கோலும் சேர்த்துப் பிசைந்த சாந்தினால் இறுகப் பூசினர். வேலை முடிந்ததும், எஞ்சிய சாந்தையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் கொண்டு கூரைத் தொழிலாளி ஒரு சிங்கத்தைச் சமைத்துக் கூரையில் அமர்த்துவான். வேலை தந்த வீட்டாருக்கு அது அவனது நன்றிக்கடன் என்பர். அச்சில் வார்க்காமையால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. தீயையும் பேயையும் வெருட்டும் பொறுப்பைக் கழிவுப் பொருளிடம் ஒப்படைத்த அந்தத் துணிவை என்னென்பது!

ஆயினும், அச்சிங்கங்கள் காத்தனவா? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு அவற்றின் அழகை மட்டும் பேசுதல் முறையன்று. 1944 ஒக்டோபர் 10 ஆம் நாள் விமானக் குண்டுகளால் நாஹா நகரின் பெரும்பகுதி எரிந்தொழிந்தது. 1945 ஏப்ரில் தொடக்கம் யூன் வரை நடந்த தரைப்போரில் இருதரப்புப் படையினரும் ஊர்மக்களுமாக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூரைகளோடு கூரைச் சிங்கங்களும் தூளாயின. தொமோரிச் சிங்கத்தின் பின்னே அமெரிக்கப் படையினர் மறைந்திருந்து நோக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. ஊரைக் காக்க நிறுத்திய சிங்கம், அந்நியப் போர்வீரனுக்குக் கேடயமாயிற்று!

இத்தனைக்குப் பின்னரும் மக்கள் சிங்கத்தைக் கைவிட்டாரல்லர். 1682 இல் அரசு குயவர்களைக் கூட்டிக் குடியேற்றிய சுபொயா என்னும் பகுதி போரிற் பெரிதும் தப்பியிருந்தது. உண்கலமின்றி மக்கள் வருந்திய அந்நாளில், 1945 ஆம் ஆண்டின் இறுதியிலேயே குயவர் அங்கு திரும்ப அனுமதி பெற்றனர். முதலிற் கிண்ணங்கள் பிறந்தன. சிங்கங்களும் காலப்போக்கிற் பெருகின. 1972 வரை நீடித்த அமெரிக்க ஆட்சியிற் கொங்கிறீற்று வீடுகள் எழுந்தன. சாய்கூரை இழந்த சிங்கம் வாயிற்றூணுக்கு இறங்கிற்று. கூரையில் தனித்திருந்தது, தூணில் இணையாயிற்று. ஒன்று வாய் திறந்து 'அ' என்கும். மற்றது வாய்மூடி 'ஊம்' என்கும். பௌத்தத்தோடு சென்ற வடமொழி ஒலிகள் இவை. திறந்த வாய் நன்மையை அழைக்கும், மூடிய வாய் அதனைப் போகவிடாது என்பது மக்கள் கூற்று.

குண்டைத் தடுக்கும் வலிமை களிமண்ணுக்கு இல்லை என்பதை அம்மக்கள் நம்மினும் நன்கறிவர். அறிந்தும் வாயிலிற் சிங்கத்தை வைப்பவன், 'இங்கேதான் வாழப்போகிறேன்' என்று அயலார்க்கு அறிவிக்கின்றான் என்றே நான் கொள்கின்றேன். வீடிழந்தவன் மீண்டும் வீடு கட்டுதற்கு அத்தகைய உறுதி வேண்டும். இன்று பழங்கூரைச் சிங்கங்களைத் தேடி வாங்கி அலுமாரியில் அடுக்குவோர் உளர். அவர்தம் சுவையை நான் பழிக்கவில்லை. ஆயினும், காப்பதற்கு ஒரு வீடில்லாத ஷீசா பாதி ஷீசாவே.

தொமோரிச் சிங்கம் இன்றும் யாயெசே மலையை நோக்கியே இருக்கின்றது. அதன் உடலிற் குண்டுபட்ட துளைகளும் அப்படியே உள்ளன.