முருங்கையடியில் ஊற்றிய பானம்

சென்ற நோன்பு மாதத்தில் ஒருநாள், மஃரிபுக்குச் சற்று முன், பாலமுனையில் எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடிப் புட்டி திறக்கப்பட்டது. என் இளைய மகள் அன்னாசிப்பழத்தைத் தோலோடு நறுக்கி, சீனியும் இஞ்சியும் கூட்டி, நீரில் இட்டு இறுக மூடி வைத்திருந்தாள். மூடியைத் திருகியதும் நுரை சீறி எழுந்து பாயில் வழிந்தது. மணமோ மனத்தை அள்ளியது. என் மாமியார் மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எப்ப போட்டது, மகள்?”

“முந்தநாள் காலைல, உம்மம்மா.”

“அப்ப முருங்கையடியில கொண்டு ஊத்து.”

“வெறும் பழந்தானே, வாப்பா?” என்று மகள் என்னை நோக்கினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அக்கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே மெய்.

விடை பியர் வடிப்போரிடம் இருக்கிறது. பெல்ஜிய நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் ‘லாம்பிக்’ என்றொரு பியர் உண்டு. வாற்கோதுமையும் கோதுமையும் கொண்டு வடித்த அதனில் புளிப்புச் செர்ரிப் பழங்களைப் பெய்து, பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவிடுவர். ஈற்றில் பழத்தின் நிறமும் மணமும் புளிப்பும் எஞ்சும்; இனிப்பு எஞ்சாது. ஈஸ்ட் என்னும் மதுவம் அவ்வினிப்பை உண்டு, சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. வீட்டிலேயே பியர் வடிக்கும் மேனாட்டாரும் முதல் நொதித்தல் அடங்கிய பின்னரே பழத்தைச் சேர்ப்பர்; முன்னரே சேர்த்தால், பொங்கும் வாயு மணத்தை வாரிக்கொண்டு போய்விடும். பழத்தைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள பெக்டின் பானத்தைக் கலங்கச் செய்யும். நொதித்தல் முடியாமல் மூடிய புட்டி வெடிப்பதும் உண்டு. (நம் நாட்டில் அனுமதியின்றி இதனைச் செய்வது 1912-ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.) சுவைக்கென இட்ட பழம் மதுவத்துக்கு இரண்டாம் விருந்தாகிறது. அன்னாசித் தோலிலோ மதுவம் இயல்பாகவே குடியிருக்கிறது. என் மகள் அறியாமலே விருந்தையும் விருந்தாளியையும் ஒரே புட்டியில் அடைத்துவிட்டாள்!

நொதித்தல் ஓர் உயிரின் தொழில் என்பதை லூயி பாஸ்டர் 1857 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கினார். அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு நாட்டார் நாளையும் நுரையையும் கொண்டு அதனை அளந்தனர். பேரீச்சம்பழமோ உலர்ந்த திராட்சையோ நீரில் ஊறிய ‘நபீத்’ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருந்திய பானம். ஊறவைத்ததை மூன்றாம் நாள் மாலைவரை அருந்துவார்கள்; அதற்குமேல் மிஞ்சியது கொட்டப்படும். இவ்விரு பழங்களையும் சேர்த்து ஊறவைக்கலாகாதென்ற தடையும் ஹதீஸ்களில் உண்டு. கலந்தால் விரைவில் போதையேறும் என்பது அறிஞர் விளக்கம். யமன் நாட்டு வாற்கோதுமை மதுவாகிய ‘மிஸ்ர்’ பற்றி அபூமூஸா (ரலி) வினவியபோது, போதை தருவது யாவும் விலக்கப்பட்டதே என்று விடை வந்தது.

இவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது மற்றொரு செய்தி. நாயகம் அவர்கள் நோன்பு திறக்கும் வேளைக்கென்று அபூஹுரைரா (ரலி) சுரைக்குடுவையில் நபீத் ஊறவைத்து ஆசையோடு கொண்டுபோனார். அது பொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுவரில் வீசிவிடும்படி நாயகம் பணித்தார்கள். எங்கள் பாயில் நடந்ததும் அதுவேயன்றோ!

மூன்று நாள் என்றாலும், நமது கரையோர வெப்பத்தில் பானம் அத்தனை காலம் பொறுக்காது. தென்னம்பாளையில் காலையில் இறங்கும் இனிய நீர், முட்டியில் சுண்ணாம்பு பூசாவிடில், மாலைக்குள் கள்ளாகிவிடுவதை யாரறியார்? இப்போது கடைகளில் மாதுளை, ஆப்பிள் மணமூட்டிய மால்ட் பானங்கள் தகரக் குவளைகளில் விற்கின்றன. அவற்றுட் சில நொதிக்கவே விடப்படாதவை. சில நொதித்தபின் சாராயம் நீக்கப்பட்டவை. குவளையில் பொறித்துள்ளதைப் படியாமல் வாங்குவோரைக் காணும்போது, என் மாமியாரின் மூக்கு நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

இவற்றையெல்லாம் பெருநாள் கழித்து மகளிடம் சொன்னேன். அவள் தர்க்கம் செய்யவில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது குசினியில் ஒரு மட்பாத்திரம் இருந்தது. பேரீச்சம்பழம் மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. வாயை மெல்லிய துணி மூடியிருந்தது. பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் ‘சுபஹ்’ என்று எழுதியிருந்தாள். உம்மம்மாவும் பேத்தியும் ஆளுக்கொரு கோப்பையோடு திண்ணையில் அமர்ந்திருந்தனர்.